உழைக்கும் முதுகுக்கு ஓர் இருக்கை

கோவையின் வடபால், சத்தி சாலையை ஒட்டி அமைந்த கணபதி இரும்பின் ஓசையில் கண்விழிக்கும் ஊர். வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த இவ்வூரில் முதுகுவலியை அறியாத வீடு அரிது. எனினும் அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. 'வாயுப்பிடிப்பு' என்றும் 'வயதின் கோளாறு' என்றும் பெயரிட்டுத் தைலம் தடவி அமைகிறோம். தாங்க இயலாதபோது நாட்கணக்கில் பாயில் கிடக்கிறோம். இவ்விரண்டும் முறையன்று என்பதே எம் கருத்து.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் 61.9 கோடி மக்கள் இடுப்புவலியால் துன்புற்றனர். 2050இல் இத்தொகை 84.3 கோடியாகக்கூடும். இவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவோ கட்டியோ போன்ற தனிக்காரணம் எதுவும் புலப்படுவதில்லை. பளுவும், நெடுநேரம் ஒரே நிலையில் இருத்தலும், உறக்கக் குறைவும், மனக்கவலையும் கூடியே வலியை வளர்க்கின்றன.

பட்டறைத் தொழிலாளிக்கு நெம்புகோலின் இயல்பை நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. குனிந்து, கைநீட்டி ஒரு வார்ப்பைத் தூக்குங்கால் இடுப்பெலும்பின் மூட்டே தாங்குபுள்ளி ஆகிறது. சுமை அதிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்க, அதனை எதிர்த்து இழுக்கும் தசையோ சில விரற்கடைத் தொலைவில்தான் உள்ளது. ஆகவே சுமையைப்போல் பல மடங்கு விசையோடு தசை இழுக்க நேர்கிறது. அதே வார்ப்பை உடலோடு அணைத்துத் தூக்கினால் அவ்விசை பெரிதும் குறையும். கனத்த பொருளை இருவர் தூக்குவதும், சங்கிலிக் கப்பியைப் பயன்படுத்துவதும் கோழைத்தனம் அல்ல, அறிவுடைமையே ஆகும்.

வலி வந்தபின் செய்ய வேண்டுவது யாது? படுக்கை மருந்தன்று, இயக்கமே மருந்து. இயன்ற அளவு நடமாடுவோர் விரைவில் தேறுகின்றனர். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் வலி தணிகிறது. நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியையும் நோய் பற்றிய தெளிவையும் பரிந்துரைத்த உலகச் சுகாதார நிறுவனம், 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இடுப்புப் பெல்ட்டை வழக்கமாக அணிவிக்க வேண்டா என்று கூறியது. ஆயினும் கால் வலுவிழத்தல், தொடையிடுக்கு மரத்தல், சிறுநீர் அடைபடுதல் அல்லது கட்டுப்படாமை ஆகியன தோன்றின் அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். காய்ச்சல், காரணமற்ற உடல்மெலிவு, விழுந்தபின் எழும் கடும்வலி ஆகியவற்றையும் புறக்கணிக்கலாகாது.

இனி ஒரு வினா எழுகிறது. 'இடையிடையே நிலையை மாற்றிக்கொள்' என்று மருத்துவர் சொல்லிவிடலாம். ஆனால் எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன் நிற்பவர்க்கு அவ்வுரிமை உண்டா? ஒப்பணக்காரத் தெருவிலும் கிராஸ்கட் சாலையிலும் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று பணிபுரியும் நம் சகோதரியர்க்கு உண்டா? நின்று பணிபுரிவோர் வாய்ப்பு நேருங்கால் அமர இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. கடைப் பணியாளர்க்கு அவ்வுரிமையைக் கேரளம் 2018இலும் தமிழகம் 2021இலும் சட்டமாக்கின. ஏட்டில் ஏறிய இருக்கை கடையில் இடம்பெறுவது உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தே அமைகிறது.

'அமர்ந்தால் வேலை கெடும்' என்பர் சிலர். வலியால் வாரக்கணக்கில் வாராதிருக்கும் கைத்தேர்ந்த தொழிலாளியால் நேரும் இழப்பை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். மணிக்கொரு முறை ஐந்து நிமிட மாற்றமும் ஒரு முக்காலியும் பெருஞ்செலவன்று.

நூலின்முன்னும் கைப்பேசியின்முன்னும் குனிந்தே அமரும் மாணவச் செல்வங்கள் எழுந்து நடக்கும் பழக்கத்தை இன்றே கொள்க. தொழில் நடத்தும் பெரியோர் தம் பட்டறையில் இருக்கைகளை எண்ணிப் பார்க்க. வலிக்கு முழுப்பொறுப்பையும் வலிப்பவர் தலையிலேயே சுமத்துவது நீதியாகாது. நம் ஊரைத் தாங்கி நிற்கும் முதுகுகளைத் தாங்குவது நம் அனைவரின் கடன்.