மாலத்தீவில் வேலை: மூன்று கேள்விகள்

மாசிக் கருவாட்டுக்குப் பெயர்போன மாலத்தீவு இந்திய ஆசிரியர்களுக்கும் நர்ஸுகளுக்கும் வேலை தரும் நாடும்கூட. கிளம்பும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது.

அனுமதி யார் பெயரில்? டூரிஸ்ட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் நம்ப வேண்டாம். வேலை அனுமதி விமானம் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். அதில் குறிப்பிட்ட முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம்.

எந்தத் தீவு? ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில் மக்கள் வசிப்பவை 200க்கும் குறைவு. தலைநகர் மாலேயில் வீட்டு வாடகை சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தொலைதூரத் தீவுகளிலோ காய்கறிக்குக்கூடப் படகை எதிர்பார்க்க வேண்டும். வீடும் பயணச் செலவும் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சம்பளம் எந்தப் பணத்தில்? இதுதான் முக்கியம். உள்ளூர் நாணயமான ருஃபியாவுக்கு வெளிநாட்டில் மதிப்பில்லை. ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது வங்கிக் கணக்கு. ஆனால் டாலர் தட்டுப்பாடு வந்தால் அந்த விலைக்குக் கிடைப்பது கடினம். கள்ளச் சந்தையில் வாங்கினால் வீட்டுக்கு அனுப்பும் தொகை குறையும். ஊரில் கடன் வாங்கிப் போகிறவர்கள் இதைக் கணக்கிட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

பெட்டியில் மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கூடாது. வார விடுமுறை வெள்ளி, சனி. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். சிக்கல் என்றால் மாலேயில் இந்தியத் தூதரகம் இருக்கிறது.