பெயருக்குள்ளே ஒரு வாக்கியம்!



கண்ணாடிக் கோப்பையில், மேலே கோகோ பொடி தூவிய ஓர் இத்தாலி இனிப்பைப் பெரிய பேக்கரிகளில் பார்த்திருப்பீர்கள். 'டிராமிசு' என்று எழுதி வைத்திருப்பார்கள். நமக்கு அது ஒரு பெயர். இத்தாலிக் குழந்தைகளுக்கோ அது ஒரு முழு வாக்கியம்!

'திரா' என்றால் இழு; 'மி' என்றால் என்னை; 'சூ' என்றால் மேலே. 'என்னை மேலே இழு' என்கிறது அந்த இனிப்பு! அதாவது, சோர்ந்திருக்கும் என்னைத் தூக்கி நிறுத்து என்று பொருள். காபியில் நனைத்த பிஸ்கட், முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, 'மஸ்கர்போனே' என்ற மிருதுவான சீஸ் எல்லாம் சேர்ந்தால் தெம்பு வராமல் இருக்குமா?

வடகிழக்கு இத்தாலியில் உள்ள திரெவீசோ நகரின் உணவகம் ஒன்றில், 1970ம் ஆண்டு வாக்கில் இது பிறந்ததாகச் சொல்கின்றனர். பக்கத்து மாநிலமான ஃபிரியூலியோ, 'இல்லை, எங்களுடையது' என்கிறது. 2017ல் இத்தாலி அரசு, ஃபிரியூலியின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. திரெவீசோ பக்கம் ஒரே எதிர்ப்பு!

சீனர்கள் இதை நான்கு எழுத்துக்களில் எழுதுகின்றனர். ஒலிக்காகத்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தனர். ஆனாலும், முதல் எழுத்துக்குத் தூக்கு, அடுத்ததற்கு இழு என்று பொருள். மூன்றாவதற்கு என்ன பொருள் தெரியுமா? அரிசி! இனிப்பில் அரிசியே கிடையாது.

சரி, நாம் எப்படி எழுத வேண்டும்? 'திராமிசூ' என்பதே சரி என்பது என் கருத்து. 'டி' என்ற ஒலி ஆங்கிலம் வழியாக வந்தது. இத்தாலியரின் நாக்கு, நாம் 'த' சொல்வது போல் பல்லைத் தொடுகிறது. கடைசி எழுத்தையும் அவர்கள் அழுத்திச் சொல்வர். 'சு' என்று எழுதினால், இலக்கண வகுப்பில் படித்த குற்றியலுகரமாகி, ஓசை குறைந்து விடும். 'சூ' என்றால் குறையாது. நம் எழுத்திலேயே வசதி இருக்கும்போது, ஆங்கிலத்திடம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

இது இனிப்புக்கு மட்டுமல்ல. உங்கள் வகுப்பில் வெளிமாநிலத்து மாணவன் சேர்ந்தால், பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். 'உன் ஊரில் எப்படிச் சொல்வார்கள், என்ன பொருள்?' என்று கேளுங்கள். அதற்குள்ளும் அழகான வாக்கியம் ஒன்று இருக்கலாம். பெயரைச் சரியாகச் சொல்வதுதான், ஒருவருக்கு நாம் தரும் முதல் மரியாதை.