வட்டத்தில் எல்லாருக்கும் இடம்

ஷா ஆலமில் 16 சூலை 2022 அன்று நடந்த 'போன் ஒடோரி' விழாவிற்கு முதன்முறையாகச் சென்றிருந்தேன். இசுலாமியர் கலந்துகொள்ள வேண்டா என அமைச்சர் ஒருவர் அறிவுறுத்தியதும், விழா நடக்கட்டும் எனச் சிலாங்கூர் சுல்தான் ஆணையிட்டதும் அனைவரும் அறிந்தவையே. அவ்விவாதத்தைப் பற்றி எழுத வரவில்லை.

நான் கவனித்தது ஆட்டத்தின் அமைப்பை. நடுவே 'யாகுரா' என்னும் உயர்மேடை. 'தைக்கோ' முரசின் தாளம். சுற்றிலும் வட்டம் வட்டமாக மக்கள். முக்காடிட்ட மலாய்ப் பெண்களும் அவ்வட்டத்தில் இருந்தனர். அசைவுகள் எளியவை, மீண்டும் மீண்டும் வருபவை. முன்னே ஆடுபவரைப் பார்த்தே பின்னே வருபவர் கற்றுக்கொள்கிறார். நம் கும்மியும் அப்படித்தானே! 1977இல் இங்கு இவ்விழா தொடங்கப்பட்டதே, மலேசியாவில் வளரும் சப்பானியப் பிள்ளைகள் தம் பண்பாட்டை அறிய வேண்டும் என்பதற்காகத்தான்.

நம் தமிழ்ப்பள்ளி விழாக்களை எண்ணிப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் மேடையில். மற்ற அனைவரும் நாற்காலியில் (சில இடங்களில் வெறுந்தரையில்). அந்தப் பத்துப் பேரும் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே பத்துப் பேர். திடலின் நடுவே பொங்கல் பானையை வைத்து, அதைச் சுற்றிப் பள்ளி முழுவதும் கும்மியடித்தால் என்ன? பெற்றோரும் சேர்ந்துகொள்ளலாம். பிரமுகர்களின் உரைகளைச் சற்றே குறைத்தால் நேரமும் கிடைக்கும்.