வியர்வையும் வேண்டும், சவாசனமும் வேண்டும்

காலை 6 மணிக்குச் சென்னையிலோ கோவையிலோ ஏதாவது ஒரு பூங்காவில் போய் நின்றால் போதும், யோகாவில் இரண்டு கட்சிகள் இருப்பது தெரிந்துவிடும். ஒரு மூலையில் இளவட்டம். சூரிய நமஸ்காரம் 12 சுற்று, 24 சுற்று என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பனியன் நனைந்தால்தான் அன்றைய பயிற்சி கணக்கில் சேரும். இன்னொரு மூலையில் பணி ஓய்வு பெற்றவர்கள். விரிப்பில் உட்கார்ந்து கழுத்தை மெல்ல அசைத்து, நாடிசுத்தி செய்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்துவிட்டு எழுந்து போவார்கள்.

"அது யோகாவா? சர்க்கஸ்!" என்பார்கள் பெரியவர்கள். "இது யோகாவா? தூக்கம்!" என்பார்கள் இளைஞர்கள்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? ஆளுக்குப் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியையே முழுசு என்று நினைப்பதுதான் சிக்கல்.

ஒரே ஆசிரியர், இரண்டு வழிகள்

இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் யோகா முறைகளில் பலவற்றின் வேரைத் தேடிப் போனால் ஒரே மனிதரிடம் வந்து நிற்க வேண்டியிருக்கும். அவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989). 1930-களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஓடியாடும் வயதுப் பையன்கள். மூச்சோடு இணைந்து, ஒன்றன் பின் ஒன்றாக நிற்காமல் ஓடும் ஆசனங்களை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் வந்தவர் பட்டாபி ஜோயிஸ் (1915-2009). வெளிநாட்டினர் மைசூருக்கு வந்து வியர்க்க வியர்க்கச் செய்யும் அஷ்டாங்க வின்யாச யோகா அவர் பரப்பியதுதான்.

அதே கிருஷ்ணமாச்சாரியார் 1950-களில் சென்னைக்கு வந்தார். இங்கே அவரைத் தேடி நோயாளிகளும் வந்தார்கள், நடுத்தர வயதுக்காரர்களும் வந்தார்கள். மைசூர்ப் பையன்களுக்குக் கொடுத்ததை அவர் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, அவரவர் வயது, உடல்நிலை, வேலை எல்லாவற்றையும் கேட்டுப் பயிற்சியை அமைத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் (1938-2016) 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் அந்த மென்மையான வழியில் நடப்பது.

இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918-2014). சிறு வயதில் காசநோய், மலேரியா என்று நோஞ்சானாக இருந்தவர். கடுமையான பயிற்சியால் உடம்பைத் தேற்றிக்கொண்டார். பிற்காலத்தில் முடியாதவர்களும் ஆசனம் செய்ய வேண்டும் என்று கட்டை, கயிறு, நாற்காலி, போர்வை ஆகியவற்றைத் துணைக்குக் கொண்டுவந்தவரும் இவரே!

ஆக, வேகமும் மென்மையும் ஒரே அடுப்பில் வெந்தவை. பரிமாறும்போதுதான் இலைக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டன.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன?

பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்துக்குக் கேட்பது இரண்டே தன்மைகள். ஒன்று உறுதி, மற்றது சுகம். ஆடாமல் நிற்க வேண்டும், அதே நேரம் அவஸ்தையில்லாமலும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது அவர் கணக்கில் ஆசனம் ஆகாது.

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை யோகத்தைக் கெடுக்கும் விஷயங்களாக ஆறைச் சொல்கிறது. அதிகச் சாப்பாடு, அதிகப் பேச்சு என்று வரும் அந்தப் பட்டியலில் அளவுக்கு மீறிய உழைப்பும் ஓர் இடம் பிடித்திருக்கிறது. களைப்பைப் போக்கி மனதை ஆற்றுவது என்று சவாசனத்தை ஓர் ஆசனமாகவே சேர்த்துக்கொண்டதும் அதே நூல்தான். 'ஹட' என்றாலே வலிந்து செய்வது என்று பொருள். அப்படிப்பட்ட பெயர் கொண்ட நூலே நிதானம் பேசுகிறது என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்?

வேகம் மட்டும் போதும் என்றால்...

உடம்பு கணக்கு வைத்திருக்கும். தோள் பலம் வருவதற்கு முன்பே தண்டால் போன்ற சதுரங்க தண்டாசனத்தை நாளுக்கு 50 முறை செய்தால் தோள்பட்டை முனகும். பக்கத்து விரிப்புக்காரரைப் பார்த்து முன்குனியும் ஆசனத்தில் இழுத்துப் பிடித்தால் பின்தொடைத் தசை, உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில் வலிக்கத் தொடங்கும். அந்த வலி சீக்கிரம் போகாது. சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணழுத்த நோய் உள்ளவர் இதைத் தெரியாமல் வீடியோ பார்த்துத் தலைகீழாக நின்றால் என்ன ஆகும்?

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அடிபட்ட இளைஞர் பெரும்பாலும் மெதுவான பயிற்சிக்கு மாறுவதில்லை. யோகாவையே விட்டுவிடுகிறார். ஆறு மாத ஆர்வம், ஒரு வலி, விரிப்பு பரண் மேல்!

மென்மை மட்டும் போதும் என்றால்...

அதற்கும் விலை உண்டு. 30 வயதைத் தாண்டிய பிறகு தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கும். உழைப்புக் கொடுக்காத எலும்பும் பலம் இழக்கும். உட்கார்ந்தும் படுத்தும் மட்டுமே செய்கிற பயிற்சி மனதுக்கு இதம் தரும், ஆனால் மாடிப்படி ஏறும் காலுக்கு வலு தராது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 65 வயதுக்கு மேல், சமநிலைக்கான பயிற்சியும் வாரம் 3 நாள் வேண்டும் என்கிறது. காரணம் எளிது. அந்த வயதில் குளியலறையில் ஒரு முறை வழுக்கி விழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும். ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தை, சுவரைத் தொட்டுக்கொண்டாவது செய்துவந்த பாட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு.

பிடித்ததைச் செய்தால் என்ன?

"அவரவருக்குப் பிடித்ததைச் செய்துவிட்டுப் போகட்டுமே" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். எதுவுமே செய்யாமல் இருப்பதற்குப் பிடித்ததைச் செய்வது எவ்வளவோ மேல்.

ஆனால் பிடித்தது எது என்று பாருங்கள். நாள் முழுக்கப் பரபரப்பாக ஓடுகிறவருக்குப் பரபரப்பான யோகாதான் பிடிக்கிறது. சவாசனத்தில் 5 நிமிடம் படுக்கச் சொன்னால் அவருக்குக் கை கைப்பேசியைத் தேடும். அசையவே சோம்பல்படுகிறவருக்குப் படுத்துச் செய்யும் யோகாதான் பிடிக்கிறது. ஏற்கெனவே நிறைய இருப்பதையே இருவரும் மேலும் மேலும் சேர்த்துக்கொள்கிறார்கள். யாருக்கு எது பிடிக்கவில்லையோ, பெரும்பாலும் அதில்தான் அவருக்குத் தேவையானது இருக்கிறது.

எப்படிச் சேர்ப்பது?

முதல் அளவுகோல் மூச்சு. மூக்கு வழியாக, சீராக, சத்தமில்லாமல் மூச்சு ஓடும்வரை வேகம் சரி. திணறினால் ஒரு படி இறங்க வேண்டும். மூச்சில் எந்த மாற்றமுமே இல்லை, கொட்டாவி வருகிறது என்றால் ஒரு படி ஏறலாம்.

இரண்டாவது, வரிசை. 45 நிமிடம் கிடைத்தால் 5 நிமிடம் உடம்பைத் தயார் செய்ய, 20 நிமிடம் உழைக்க, 10 நிமிடம் மெதுவான ஆசனங்கள், கடைசி 10 நிமிடம் மூச்சுப் பயிற்சியும் சவாசனமும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. உழைத்த உடம்புக்கு அந்த நேரம்தான் கூலி. சர்வாங்காசனம் செய்தால் பின்னாலேயே மச்சாசனம் செய்யச் சொல்கிறார்களே, அந்த மாற்று ஆசன வழக்கத்தின் பெரிய வடிவம்தான் இது.

மூன்றாவது, வாரக் கணக்கு. 3 நாள் கொஞ்சம் கடினம், 3 நாள் மென்மை, 1 நாள் ஓய்வு. அஷ்டாங்க வின்யாசம் போன்ற கடுமையான மரபிலேயே வாரம் ஒரு நாளும், அமாவாசை, பௌர்ணமியும் விடுமுறை! காய்ச்சல், தேர்வு நேரம், தூக்கம் கெட்ட இரவு என்றால் மென்மையின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். தேர்வு வந்துவிட்டது என்று யோகாவையே நிறுத்துகிற மாணவருக்குப் படுக்கும் முன் 10 நிமிடம் சுவரில் காலைச் சாய்த்துப் படுப்பது கூடப் பெரிய உதவி. இரத்த அழுத்தம், கண்ணழுத்தம், முதுகுத்தண்டுப் பிரச்சினை, கர்ப்பம் என்றால் மட்டும் மருத்துவரிடமும் தேர்ந்த ஆசிரியரிடமும் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

அந்தப் பூங்காவின் இரண்டு மூலைக்காரர்களும் வாரத்தில் ஒரு நாள் இடம் மாறிப் பார்க்கலாம். இளைஞர்கள் கண்ணை மூடி 10 நிமிடம் அசையாமல் படுத்திருக்கட்டும். பெரியவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கட்டும். எது கஷ்டம் என்று அன்றைக்கு இரண்டு பேருக்குமே புரிந்துவிடும்.