‘ஸ்மித்தும் சாதிப் பெயர்தானே’ என்பவர்களுக்கு

“இங்கிலாந்திலும் ஸ்மித், டெய்லர், பேக்கர் என்று தொழிலைப் பெயராக வைத்திருக்கிறார்களே, அதுவும் சாதிதானே?” சாதி பற்றிய எந்த விவாதத்திலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு எழுந்துவிடுகிறார். ஆய்வு மாணவர்கள் கூடும் கருத்தரங்குகளிலேயே கேட்டிருக்கிறேன். கேட்பவருக்கு ஸ்மித் மீது அக்கறை ஒன்றும் கிடையாது. உலகமெங்கும் உள்ளதுதான் இங்கும் உள்ளது என்று சாதியைச் சாதாரணமாக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஸ்மித்தை விடுவோம். நாற்றமடித்த வேலையிலிருந்து வந்த ஒரு பெயரை எடுப்போம்: வாக்கர். ஜானி வாக்கர் புட்டியில் தொப்பியோடு நடைபோடும் ஆளைப் பார்த்து, ‘நடப்பவர்’ என்று நினைத்துக்கொள்கிறோம். நடைதான், ஆனால் தொட்டிக்குள். நெய்து முடித்த கம்பளித் துணியில் ஆட்டின் பிசுக்கு இருக்கும். அதைப் போக்கித் துணியை இறுக்க, நாள்பட்ட மூத்திரத்தை ஊற்றி மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுக்கும். ஒருவகைக் களிமண்ணும் சேர்ப்பார்கள். நாம் முகத்தில் பூசும் முல்தானி மிட்டிக்கு ஆங்கிலத்தில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று பெயர் வந்தது இதனால்தான். இந்த வேலையைச் செய்தவர் இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். மூன்றும் இன்று குடும்பப் பெயர்கள்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தண்ணீரில் ஓடும் ஆலைகள் பரவின. மிதிக்கும் வேலையை மரச்சம்மட்டிகள் எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் தங்கியது. 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் அமைந்துவிட்டது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. துணி மிதிப்பவரை வாக்கர் என்றால் அது வேலையின் பெயர். துணியே மிதிக்காத பேரனையும் வாக்கர் என்று அழைத்தபோதுதான் அது குடும்பப் பெயர் ஆனது. 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை தொடங்கிய ஜான் வாக்கர், அந்தப் பெயரோடுதான் ஊருக்கெல்லாம் பொருள் விற்றார்.

இங்கிலாந்தை நான் சொர்க்கமாக்கவில்லை. பண்ணையடிமைகளை வைத்திருந்த நாடு, அடிமை வணிகத்தில் கொழுத்த நாடு. வர்க்கத் திமிர் இன்றும் உண்டு. ஆனால் வாக்கர் வாக்கரைத்தான் கட்ட வேண்டும் என்ற விதி அங்கே கிடையாது.

இங்கே நடந்ததோ தலைகீழ். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டோம். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் இன்று சாதி இல்லை. பெரிய வெற்றிதான், குறைத்துப் பேசவில்லை. ஆனால் பட்டம் போன இடத்தில் “சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலசாமி எது” என்ற கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கரின் பெயரில் எந்தச் சாதியும் இல்லை. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழிக்குள் இன்றும் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பெயர்களிலும் தொழில் எழுதப்பட்டிருக்கவில்லை.

தொழிற்பிரிவினை என்ற சப்பைக்கட்டை அம்பேத்கர் 1936லேயே உடைத்துப் போட்டார். சாதியின் பூட்டு அகமணமுறையில் இருக்கிறது என்பதை அதற்கும் முன்பே, 1916இல் கொலம்பியாவில் மாணவராக இருந்தபோதே காட்டிவிட்டார்.

ஆகவே ஸ்மித்தைக் கூட்டி வருபவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ‘வாக்கர் வீட்டுப் பெண்ணுக்கு வாக்கர் மாப்பிள்ளை தேவை, ஃபுல்லர், டக்கர் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று லண்டன் பத்திரிகையில் வந்த ஒரே ஒரு மணமகன் தேவை விளம்பரத்தைக் கொண்டு வாருங்கள். பிறகு பேசலாம்.