லீவு விட்டால் பிள்ளைகள் எங்கே போவது? பட்டாசு ஊரில் தாய்மார்கள் தவிப்பு!

சிவகாசி:

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் தாய்மார்களுக்குத் திண்டாட்டம்!

சனிக்கிழமை காலை. தெரு முனையில் பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கிறது. அப்பா ஏறி விட்டார். அம்மாவும் தூக்குவாளியோடு கிளம்பி விட்டாள். 3-ம் வகுப்பு படிக்கிற பையனும், அவன் தங்கச்சியும் வாசலில் நிற்கிறார்கள். பாட்டி இருக்கிற வீடு என்றால் பிழைத்தது. பாட்டி இல்லாத வீட்டில்?

"லீவு அன்னைக்கு இதுகளை எங்கே விட்டுட்டுப் போறது?" வாரா வாரம் தெருவுக்குத் தெரு கேட்கிற கேள்வி இது.

சென்னைவாசிகளுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். மெரினாவா, வண்டலூர் மிருகக்காட்சி சாலையா, கிண்டி பாம்புப் பண்ணையா என்று யோசிப்பார்கள். அது பொழுது போக்குவது பற்றிய யோசனை. சிவகாசியில் அது உயிர் சம்பந்தப்பட்ட யோசனை. காரணம், விளையாட இடம் இல்லாத பிள்ளை இங்கே கடைசியில் போய் உட்காருகிற இடம் ஒன்று இருக்கிறது. அது அம்மா வேலை பார்க்கிற இடம்.

விடியும் முன்னே பஸ்

பழைய கதையைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

1970-களிலும், 80-களிலும் விடியும் முன்பே கிராமம் கிராமமாக பஸ் வரும். அது பள்ளிக்கூட பஸ் அல்ல, தீப்பெட்டி ஆலை பஸ். தூக்கக் கலக்கத்தோடு சிறுவர்-சிறுமிகள் ஏறுவார்கள். சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள். பெட்டி ஒட்டுவார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள். 1983-ம் ஆண்டு ஸ்மிது கோத்தாரி என்ற ஆய்வாளர் பம்பாயில் இருந்து வரும் ஒரு பொருளாதார வார இதழில் இதை விலாவாரியாக எழுதினார். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் 45 ஆயிரம் பிள்ளைகள் வேலை பார்ப்பதாகக் கணக்கு சொல்லப்பட்டது. நாடே அதிர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்று பெருமையாகச் சொல்லிக் கொண்ட ஊருக்கு, குட்டிகளை வைத்து வேலை வாங்குகிற ஊர் என்ற கெட்ட பெயர் வந்தது.

அதன் பிறகு சட்டம் வந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். 1988-ல் தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது, நாட்டிலேயே முதல் வரிசையில் சிவகாசியை வைத்தார்கள். வேலையில் இருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள்.

வக்கீல் எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் 1996-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதிரடித் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான வேலையில் பிள்ளையை வைத்தால் ஒரு பிள்ளைக்கு ரூ.20 ஆயிரம் முதலாளி கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசாங்கம் வழி செய்ய வேண்டும்; முடியாவிட்டால் ரூ.5 ஆயிரம் கட்ட வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

அந்த பஸ் நின்றது. பெரிய ஆலைகளின் வாசலில் 'குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்று போர்டு தொங்கியது. பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக் கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். சத்துணவு இருந்தது, 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. இதை மறைக்க வேண்டியது இல்லை. சண்டை போட்டு வாங்கிய வெற்றி அது.

ஆனால் அது திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் உள்ள வெற்றி. சனி, ஞாயிறு? மே மாதம் முழுவதும்?

குழாய், திரி, மருந்து

2016-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று கடுமையாக்கினார்கள். கூடவே ஒரு சலுகையும் வந்தது. பள்ளிக்கூட நேரம் போக, லீவு நாட்களில், சொந்தக் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளைகள் ஒத்தாசை செய்யலாம்.

இந்த இடத்தில்தான் பலர் தப்பாகப் புரிந்து கொள்கிறார்கள். 'எங்க வீட்டுத் தொழில், எங்க வீட்டுப் பிள்ளை, யாரு கேக்கிறது?' என்கிறார்கள். சட்டம் கேட்கும்! ஆபத்தான தொழிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெடிமருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. 14 வயது தாண்டி விட்டால் சரி என்பதும் தப்பு. 18 வயது முடியாமல் மருந்தைத் தொட வைக்கக் கூடாது.

வீட்டில் வேலை தொடங்குவது மருந்தில் அல்ல. காகிதக் குழாய் உருட்டுவதில்தான் தொடங்குகிறது. வெறும் காகிதம், பசை. இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். டி.வி. பார்த்துக் கொண்டே பிள்ளையும் நாலு குழாய் உருட்டும். குழாய்க்குப் பின்னால் திரி வரும். திரிக்குப் பின்னால் மருந்து வரும். லைசென்ஸ் ஆலையில் ஒரு ரூமில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், ரூமுக்கு ரூம் இவ்வளவு இடைவெளி என்று விதி இருக்கிறது. வீட்டில் அந்த விதி எங்கே? அடுப்பு ஒரு பக்கம், திரிக்கட்டு ஒரு பக்கம், நடுவில் கோலி விளையாடும் பையன்!

லைசென்ஸ் உள்ள ஆலையிலேயே விபத்து நடக்கிறது. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேர் செத்தார்கள். புகையைப் பார்த்து ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் மாட்டிக் கொண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டியில் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைத் தேடி நிற்கிற பிள்ளைகளின் போட்டோ பத்திரிகையில் வரும். அம்மாவோடு உள்ளே இருந்திருந்தால் போட்டோ எடுக்கவும் பிள்ளை மிஞ்சாது.

கோடை லீவு வருவதோ, வெயில் கொளுத்தும் ஏப்ரல், மே மாதங்களில். தீபாவளி ஆர்டர் பிடித்து வேலை சூடு பிடிக்கிற காலமும் அதுதான். ஆடி 18-ந் தேதி பூஜை போட்டு கடைக்காரர்கள் விற்பனை தொடங்குவார்கள். அதற்குள் சரக்கு ரெடியாக வேண்டும். அம்மாவுக்கு லீவு கிடையாது. பிள்ளைக்கு லீவு. இதுதான் சிக்கல்.

(தீபாவளிக்கு வெடி போடவும் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வந்து விட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்று சொல்லியது. தமிழ்நாட்டில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். செய்கிறவர்களுக்கு வருஷம் முழுவதும் வேலை, வெடிக்கிறவர்களுக்கு 2 மணி நேரம்!)

ராட்டினமும் பரீட்சையும்

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் வந்தால் ஊரே திரளும். ஒரு பக்கம் அக்கினிச்சட்டி. இன்னொரு பக்கம் கே.வி.எஸ். பள்ளி மைதானத்தில் பொருட்காட்சி. ராட்சத ராட்டினம், மரணக்கிணறு, பஞ்சு மிட்டாய், அகலமான டெல்லி அப்பளம். அப்பா தோளில் ஒரு பிள்ளை, அம்மா கையில் ஒரு பிள்ளை என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். திரும்புகிற வழியில் எண்ணெயில் பொரித்த பரோட்டா. அதைச் சாப்பிடாமல் விருதுநகரை விட்டுப் பிள்ளைகள் நகராது.

ஒரே ஒரு குறை. பங்குனி என்பது பரீட்சை மாதம்! புத்தகத்தை எடுத்தால் ராட்டினம் கண் முன்னே சுற்றும். பரீட்சை முடிந்து பையன் நிமிர்ந்து பார்க்கும்போது ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி இருப்பார்கள்.

சிவகாசியிலும் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். அந்த நாட்களில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கும். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர். ராஜபாளையம் பக்கம் அய்யனார் அருவி இருக்கிறது; மழை பெய்தால்தான் தண்ணீர். பிளவக்கல் அணை இருக்கிறது. போய் வர ஒரு நாள் ஆகும். நாலு பேர் போய் வந்தால் பஸ், சாப்பாடு, ஐஸ், பொம்மை என்று அன்றைய கூலியும் போய், மறுநாள் கூலியும் சேர்ந்து போகும். 2021-ல் டவுண் பஸ்சில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு அம்மாவின் டிக்கெட் செலவு மிச்சம் ஆனது. அந்தக் காசு பிள்ளையின் ஐசுக்கு ஆகும்.

வருஷத்தில் இப்படி 10 நாள் கூடத் தேறாது. மற்ற லீவு நாட்களுக்கு என்ன வழி?

வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் தொல்லியல் துறை மண்ணைத் தோண்டியது. சங்கு வளையல், மணிகளோடு சுடுமண் ஆட்டக்காய்களும், வட்டச்சில்லுகளும் கிடைத்தன. பாண்டி விளையாடுவதற்குப் பிள்ளைகள் எறிகிற சில்லு மாதிரியேதான் அவை. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் இந்தக் கரிசல் காட்டில் யாரோ உட்கார்ந்து ஆட்டம் ஆடி இருக்கிறார்கள். அதற்கு நேரமும் இருந்தது, இடமும் இருந்தது.

சாவி யாரிடம்?

சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகளை இணைத்து 2021-ல் மாநகராட்சி ஆக்கினார்கள். 48 வார்டுகள். 2022 பிப்ரவரியில் முதல் தேர்தலும் நடந்தது. ரோடு, சாக்கடை, குடிதண்ணீர், தெருவிளக்கு பற்றி கவுன்சிலர்களிடம் மக்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 'எங்க வார்டுல பிள்ளைங்க விளையாட எங்கே இடம் இருக்கு?' என்று கேட்கிறவர்கள் குறைவு. 48 வார்டுக்கும் ஒரு கணக்கு எடுத்து, எந்த வார்டில் பூங்கா, எந்த வார்டில் திடல், எந்த வார்டில் ஒன்றும் இல்லை என்று போர்டில் எழுதி வைத்தால் பாதி விஷயம் வெளிச்சத்துக்கு வந்து விடும்.

புதிதாக நிலம் வாங்க வேண்டும் என்று கூட இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு மைதானம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் கேட்டில் பூட்டுத் தொங்கும். பிள்ளைக்கு மைதானம் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் மைதானத்துக்கும் லீவு!

தலைமை ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கேட்டைத் திறந்து விட்டால் சாயங்காலம் பாட்டிலோடு வருகிறவன் வருவான். காலையில் கண்ணாடிச் சில்லுப் பொறுக்க வேண்டும். பையன் விழுந்து கை ஒடிந்தால் யார் பொறுப்பு? ஆகவே ஆள் வேண்டும். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர். ஒரு குடம் தண்ணீர், ஒரு கக்கூஸ், நாலு பந்து. வெயில் ஏறும் நேரத்தில் பிள்ளைகளை வகுப்பறைக்குள் உட்கார வைத்து கேரம், தாயம், கதைப் புத்தகம். சத்துணவுக் கூடம் அங்கேயே இருக்கிறது. மத்தியானம் அடுப்பு எரிந்தால் அம்மா நிம்மதியாக ஆலைக்குப் போவாள்.

ஆளுக்கு எங்கே போவது? 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது தெருவுக்குத் தெரு படித்த பெண்கள் முன்வந்து சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் ரூ.1,000 தான் ஊக்கத்தொகை. அந்த மாதிரிப் பெண்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

பணத்துக்கு? இந்த மாவட்டத்துக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. விருதுநகர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி, பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். பிடியரிசியில் நடந்த பள்ளிக்கூடத்தில்தான் காமராஜர் படித்தார். பட்டாசுப் பெட்டி மேலே சிரிக்கிற குழந்தைப் படத்தை அச்சடிக்கிற ஊரும் இதுதான். அந்தப் பெட்டிக்கு ஒரு பைசா என்று மகமை வைத்தாலும் ஊஞ்சல் தொங்கும்.

1943-ம் ஆண்டு, ஹிட்லர் படை பிடியில் இருந்த டென்மார்க்கில், கோபன்ஹேகன் பக்கம் ஒரு திடலில் பழைய பலகை, ஆணி, டயர் போட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு அதைப் பார்த்து லண்டனில் குண்டு விழுந்து இடிந்த மனைகளில் அதே மாதிரித் திடல்கள் போட்டார்கள். செலவு சொற்பம். ஒரு பெரியவர் மேற்பார்வைக்கு இருந்தார், அவ்வளவுதான். வெடி விழுந்த இடத்திலேயே முடிந்தது.

பள்ளி முழு ஆண்டுப் பரீட்சை ஏப்ரலில் முடியும். அதற்கு முன்னால் மாநகராட்சியும், கல்வித் துறையும் உட்கார்ந்து பேசி, வார்டுக்கு ஒரு மைதானத்தின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தால் போதும். தள்ளிப் போட்டால், மே மாதம் முதல் தேதி காலையில் வேன் வந்து நிற்கும். அம்மா ஏறுவாள். வாசலில் நிற்கிற 3-ம் வகுப்புப் பையன், "நானும் வாறேம்மா" என்பான்.