பென் டிரைவில் வந்த குற்றப்பத்திரிகை

போன மாதம் என் கட்சிக்காரருக்குக் குற்றப்பத்திரிகை நகல் கொடுத்தார்கள். பழுப்பு உறைக்குள் ஒரு பென் டிரைவ். அவர் செங்கல் சூளைத் தொழிலாளி. வைத்திருப்பது பட்டன் போன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்றார். எதிரே ஜெராக்ஸ் கடையில் செருகினோம். 412 பக்கம். சாட்சி வாக்குமூலங்கள் சாய்வாக ஸ்கேன் ஆகி, ஓரத்தில் பாதி எழுத்தைக் காணோம். பிரிண்ட் எடுத்த காசு அவருடைய ஒன்றரை நாள் கூலி.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 230ஆவது பிரிவு, மின்னணு வடிவில் கொடுத்தாலே முறைப்படி கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறது. மின்னணுவுக்கு நான் விரோதி இல்லை. கரையான் அரித்த கேஸ் கட்டுகளோடு மல்லுக்கட்டியவன்தான். ஆனால், சிசிடிவி பதிவைச் சான்றாக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கோப்பின் டிஜிட்டல் கைரேகையான ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் கேட்கிறது, நிபுணர் கையெழுத்தும் கேட்கிறது. கேட்கட்டும், பதிவில் கை வைத்தால் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கறாரில் கால்வாசியாவது குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தரும் நகலில் வேண்டாமா? வாசிக்க முடியாத கோப்பைக் கொடுக்காததாகவே கருத வேண்டும். கேட்பவருக்குக் காகித நகல் இலவசமாகத் தர வேண்டும். சிறையில் இருப்பவர் பென் டிரைவை எதில் செருகுவார்?

என் கட்சிக்காரர் அதை ரேஷன் கார்டோடு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.